கம்மாய்க்கரை வீடும் குளத்தங்கரை வீடும்

திருவேங்கடம் வட்டாரத்து ஊர்களுக்கு விடிந்ததும் வேன் வந்துவிடும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஆள் ஏற்றிப்போகிற வேன். தூக்குச்சட்டியோடு அதில் ஏறுகிற பெண்களில் சிலர், ஏறுவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்திருப்பார்கள். கத்திரிச் செடிகளுக்குள் குனிந்து நடந்து, வாடித் தொங்கும் குருத்துகளைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டிருப்பார்கள்.

அங்கிருந்து தென்மேற்கே, சாலை வழியாக அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிற பாவூர்சத்திரம், கீழப்பாவூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு வேலை திண்ணையிலேயே இருக்கிறது. சுளகை மடியில் வைத்து பீடி சுற்றுகிறார்கள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனி மடக்கி, ஆயிரம் எண்ணிக்கை சேர வேண்டும். அதற்கு நடுவில் எழுந்துபோய் வெண்டைக்காய் பறித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார்கள்.

இரண்டும் ஒரே மாவட்டம்தான். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டம். ஆனால் மண் வேறு, மழை வேறு, சந்தை வேறு. இந்த இரண்டு பக்கத்திலும் பூச்சிமருந்தும் உரமூட்டையும் இல்லாமல் காய்கறி வைக்கிற குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். தனிப்பட்ட யாரையும் பற்றி இதை எழுதவில்லை. பல வீடுகளில் திரும்பத் திரும்பக் காண்பதை இரண்டு வீடாகத் திரட்டிச் சொல்கிறேன். கிழக்கே இருப்பதைக் கம்மாய்க்கரை வீடு என்றும், மேற்கே இருப்பதைக் குளத்தங்கரை வீடு என்றும் வைத்துக்கொள்வோம். மழைத்தண்ணீர் தேங்குகிற ஒன்றே அங்கே கம்மாய், இங்கே குளம். வேலைக்குப் போகும்போது அங்கே ‘காட்டுக்குப் போறேன்’ என்பார்கள், இங்கே ‘தோட்டத்துக்குப் போறேன்’ என்பார்கள்.

கழுகுமலைக்கு வடக்கே விரிந்து கிடக்கிற கரிசலில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது இங்கே காற்றும் புழுதியும் மட்டும் வரும். மலை மறைத்துவிடுகிறது. மழை பெய்த பிறகோ நிலைமை தலைகீழ். ஈரக்கரிசலில் கால் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் ஒரு கனம் ஏறும். களை எடுக்க வேண்டிய நாளில் காட்டுக்குள் இறங்கவே முடியாது. காய ஆரம்பித்ததும் மண் இறுகி வெடிக்கும். ஈரமும் பதமுமாக இருக்கிற அந்தச் சில நாட்களுக்குள் களைக்கொத்தோடு வீடு முழுக்க இறங்க வேண்டும். கூலிக்கு ஆள் தேடினால் எல்லோர் காட்டுக்கும் அதே நாள்தான் பதம்.

குளத்தங்கரை வீட்டுக்கு இந்த அவசரம் கிடையாது. செவல் மண், கிணறு, சிற்றாற்றால் நிறையும் குளங்கள், அவற்றின் ஊற்று. தென்மேற்குப் பருவத்தில் சாரலும் ஈரக்காற்றும், வடகிழக்குப் பருவத்தில் மழையும் உண்டு. வருஷம் முழுக்கப் பாத்தியில் ஏதாவது ஒரு காய் நிற்கும். தக்காளி முடிந்தால் வெண்டை, வெண்டை ஓயுமுன் கத்திரி நாற்று. பார்த்தால் இந்த வீடுதான் பாக்கியம் செய்தது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் பூச்சியின் பக்கத்திலிருந்து யோசித்தால் கணக்கு மாறுகிறது. வருஷம் முழுக்கக் காய் நின்றால் பூச்சிக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு. ஒரு தோட்டத்தில் கத்திரி முடிகிற சமயம் பக்கத்துத் தோட்டத்தில் பூ எடுத்திருக்கும். குருத்துத் துளைப்பான் அந்துப்பூச்சிக்குப் பட்டினி என்பதே தெரியாது. வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈக்கும் அப்படியே. கரிசலிலோ மாசிக்குப் பிறகு வெறும் தரை. வெயில் மண்ணைப் பிளந்து உள்ளே வரை சுடுகிறது. தின்னக் கிடைக்காமல், கூட்டுப்புழுவாக ஒளிந்திருப்பதும் வெந்து, பூச்சி வெகுவாகக் குறைந்த பிறகுதான் அடுத்த விதைப்பு. மருந்தில்லாமல் காய் எடுப்பது கரிசலில் இலேசு, பணம் எடுப்பது கஷ்டம். செவல் பக்கம் காசு நாள்தோறும் வரும், ஆனால் மருந்தை விடுவது பெரும்பாடு. எல்லா மண்ணுக்கும் ஒரே பாடத்தை ஒப்பிக்கிற இயற்கை வேளாண் பயிற்சிகளில் இந்த வேறுபாட்டை யாராவது முதலிலேயே சொன்னால் பல வீடுகள் இரண்டாம் வருஷத்தில் மனம் ஒடிந்து திரும்பிப் போகாது.

இந்த வேறுபாட்டை நேரில் பட்டு உணர்ந்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். 1963 முதல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். திருவேங்கடத்துக்காரர்கள் பேருந்தேறிப் போய்வருகிற தூரம்தான் அது. மழையை நம்பிப் பிழைக்கிற மானாவாரிச் சம்சாரிக்கு விலைகொடுத்து வாங்கும் விதையும் உரமும் ஒத்துவராது என்று அங்கே தெரிந்துகொண்டு 1969-இல் வேலையை விட்டார். பிறகு டொமினிக் பியர் தொடங்கிய ‘சமாதானத் தீவு’ அமைப்புக்காகக் களக்காட்டுக்குப் போனார். கரிசலிலிருந்து மலையடிவாரத்துக்கு. நான் ஒப்பிடுகிற இதே மாதிரி இரண்டு நிலத்தையும் அவர் வரிசையாக வாழ்ந்து பார்த்திருக்கிறார். 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடு முழுக்க அவர் பெயரைச் சொல்லி மருந்தை விட்ட வீடுகள் இருந்தன. அவருடைய புறப்பாடு கோவில்பட்டிக் கரிசலில் தொடங்கியது என்பதைக் கரிசல்காரர்களே அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

அதலைக்காயைப் பற்றிச் சொல்லாமல் கரிசலைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. விதைக்காமல் விளைகிற காய் அது. மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் பருத்திக்கும் சோளத்துக்கும் நடுவே கொடியாகக் கிளம்பும். பாகற்காய்ச் சாதி, விரல்நுனி அளவு, மேலே வரிவரியாக மேடு, கசப்பு. வெங்காயத்தோடு எண்ணெயில் சுருள வதக்கினால் கம்பஞ்சோற்றுக்கு அதைவிட வேறு வேண்டாம். பறித்த காயை மறுநாள் பார்த்தால் பையிலேயே வாய்பிளந்து கிடக்கும். அதனால் தூரத்துச் சந்தைக்குப் போகாது. விளைகிற ஊரிலேயே தின்று தீர்க்க வேண்டும். கரிசலில் கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவி, அதோடு களைக்கொல்லியும் வந்த பிறகு, அகல இலைச் செடியெல்லாம் கருகுகிற காட்டில் அதலைக்கு இடமில்லாமல் போயிற்று. தொய்யக்கீரை, பண்ணைக்கீரையும் அப்படித்தான். கம்மாய்க்கரை வீடு களைக்கொல்லியை நிறுத்திய காட்டில் இரண்டு மூன்று மழைக்குப் பின் அதலைக்கொடி மறுபடி தலைகாட்டும்போது அந்த வீட்டுக் கிழவிக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, எந்தச் சான்றிதழும் அதைத் தந்துவிடாது. அவளுக்கு அது மண் திரும்பிவிட்டது என்பதற்கான அடையாளம்.

மேற்கே அப்படி மறைந்திருந்து திரும்புகிற ஒன்றை நான் கண்டதில்லை. செவல் மண் போட்டதைத் தின்றுவிடும் மண். தொழுவுரம் ஒரு வருஷம் தவறினால் மறு வருஷம் செடி வெளுத்துக் காட்டும். கரிசல் வீடு வெள்ளாமை எடுத்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டு அந்த வருஷத்து உரத்தை முடித்துக்கொள்ளும். குளத்தங்கரை வீட்டுத் தோட்டமோ ஒருபோதும் காலியாக இருப்பதில்லை, கிடை எங்கே போடுவது? எருவை டிராக்டர் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது மாடு வைத்துக்கொள்ள வேண்டும். மாடு என்றால் சாணி அள்ளுவது, புல் அறுப்பது. அந்த வேலை யாருடையது என்று கேட்டால்தான் நான் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது.

கத்திரிக் குருத்துக்கே திரும்பி வருகிறேன். துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் குருத்துக்குள்ளோ பிஞ்சுக்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போனபின் மருந்து தொடாது. அதனால்தான் மருந்தடிக்கிறவர் வாரத்துக்கு வாரம் அடிக்கிறார், அப்படியும் காய் சொத்தை விழுகிறது. மரபணு மாற்றிய பிடி கத்திரிக்காயைக் கொண்டுவரச் சொன்ன முக்கியக் காரணமே இந்தப் புழுதான். 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நிறுத்தியது சரி. ஆனால் புழு நின்றுவிடவில்லையே! மருந்தும் இல்லாமல், மரபணுவும் இல்லாமல் அந்தப் புழுவைச் சமாளிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் வாடிய குருத்தைத் தினமும் கிள்ளி எரிக்க வேண்டும். மூன்று நாள் விட்டுவிட்டால் புழு மண்ணுக்கு இறங்கிக் கூடு கட்டிவிடும்.

வேப்பங்கொட்டைச் சாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ பருப்பு என்று பயிற்சியில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனி ஆடியில் மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்க வேண்டும், தோல் பிசைந்து கழுவி நிழலில் உலர்த்த வேண்டும், ஓடு நீக்கி இடிக்க வேண்டும், துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிய வேண்டும். தெளிக்கிற அரைநாள் வேலையைத்தான் ஆண் செய்கிறார். மற்றது முழுக்கப் பெண்ணின் கையில்.

இரண்டு வீட்டையும் நெடுநாள் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். மருந்தடிப்பது ஆண் வேலை, களை எடுப்பது பெண் வேலை என்பது இரண்டு மண்ணிலும் பழைய பங்கீடு. மருந்தை நிறுத்தும்போது ஆணின் வேலை குறைகிறது. தெளிப்பான் முதுகிலிருந்து இறங்குவது அவர் உடம்புக்குப் பெரிய விடுதலை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் களைக்கொல்லி போனதும் களைக்கொத்து பெண்ணிடம் வருகிறது. மருந்து டப்பா செய்த வேலையை அவள் விரல் செய்கிறது. ‘இயற்கை விவசாயத்துல செலவே கிடையாதுங்க’ என்று மேடையில் பேசும்போது அந்த விரலுக்குக் கூலி போடாமல்தான் பேசுகிறோம்.

ஆண்களும் சும்மா இருப்பதில்லை. மும்முனை மின்சாரம் வருகிற நேரம் பார்த்து ராத்திரியில் மடை மாற்றுவதும், மயிலும் காட்டுப்பன்றியும் வராமல் காவல் கிடப்பதும், விடியுமுன் சந்தைக்குச் சுமை கொண்டுபோவதும் அவர்கள்தான். ஆனாலும் அவர்களுடைய பாடு சந்தையில் ரூபாயாக மாறி அவர்கள் சட்டைப்பைக்கு வருகிறது. குருத்து கிள்ளியதற்கு ரசீது இல்லை.

சந்தை என்றதும் இரண்டு வீடும் ரொம்பவே விலகிப்போகின்றன. பாவூர்சத்திரத்து காமராஜர் தினசரிச் சந்தையில் ஏலம் வேகமாக நடக்கும். கேரளத்துக்குப் போகிற லாரிதான் விலையை நிர்ணயிக்கும். ஓணம் நெருங்கினால் விலை ஏறும், முடிந்ததும் விழும். அந்த ஏலத்தில் மருந்தடிக்காத கத்திரிக்காய்க்கென்று தனி விலை இல்லை. பளபளப்பாக இருந்தால் முதல் விலை, ஓட்டை இருந்தால் கழிவு. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரளத்தில் பெரிய பேச்சு எழுந்து, அந்த மாநில உணவுப் பாதுகாப்புத் துறை கெடுபிடி காட்டியது. இனிமேலாவது மருந்தில்லாக் காய்க்கு மதிப்பு வரும் என்று நானும் நம்பினேன். சந்தையில் ஒரு கடையில் குவிந்தபின் எந்தக் காய் யாருடையது என்று யார் சொல்ல முடியும்? நல்லது செய்தவரின் காயும் ஒரே குவியலில்தான் விழுகிறது.

கம்மாய்க்கரை வீட்டுக்கு ஏலம் தெரியாது. கடவாப்பெட்டியில் எடுத்துத் தெருவில் வைத்தால் தீர்ந்துவிடும். மிஞ்சினால் வாரச்சந்தை. மிளகாயும் சீனியவரையும் வத்தலாகும்.

“மதினி, இதுல மருந்து கிருந்து அடிச்சிருக்கா?”

“நேத்து என் மகன் பச்சையாக் கடிச்சுத் தின்னதைப் பாத்தேல்ல? பெறகு என்ன கேக்க?”

அங்கே சான்றிதழ் இவ்வளவுதான். முகம் தெரிந்த ஊருக்கு இது போதும். ஊர் எல்லையைத் தாண்டினால் காகிதம் வேண்டும். 2001-இல் நடுவணரசு கொண்டுவந்த தேசியத் திட்டத்தின்படி சான்று வாங்க ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம் மாற்றக்காலம். தமிழ்நாட்டில் அதற்கென 2007-இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அங்ககச் சான்றளிப்புத் துறை வந்தது. தனியாக அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்காக 2011-இல் பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உறுதி முறை வந்தது. குறைந்தது ஐந்து சம்சாரிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார்கள். கரிசலில் மதினி கேட்ட கேள்வியைத்தான் அது படிவமாக்கியிருக்கிறது. அதனாலேயே எனக்கு அந்த முறை பிடிக்கும்.

அந்த மாற்றக்காலத்தில் விளைச்சல் இறங்கும், விலை ஏறாது. அந்த இரண்டு மூன்று வருஷம் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது? இதற்கு இரண்டு வீடும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன. அங்கே தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம், இங்கே பீடிச் சுளகு. மண்ணைச் சுத்தப்படுத்துகிற வருஷங்களுக்கு முதல் போடுவது கந்தகமும் புகையிலையும் படிந்த கைகள். எந்தத் திட்ட அறிக்கையும் இதை முதலீடு என்று எழுதுவதில்லை.

குளத்தங்கரை வீட்டில் அந்தக் கைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புகையிலையில் இருக்கும் தேமல் நச்சுயிரி காய்ந்த தூளிலும் நெடுநாள் உயிரோடு கிடக்கும். பீடி சுற்றிய கையோடு தக்காளி நாற்றையோ மிளகாய் நாற்றையோ தொட்டால் செடிக்குப் போய்விடும். இலை சுருங்கித் தேமல் விழும். அதனால் விவரம் தெரிந்த பெண் சுளகை இறக்கிவைத்ததும் நேரே நாற்றங்காலுக்குப் போவதில்லை. குழாயடியில் உட்கார்ந்து, நகக்கண் வரை சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவுவாள். சில இடங்களில் பாலில் கைநனைத்து நாற்றுப் பிடுங்கச் சொல்கிறார்கள், அதற்கும் பலன் உண்டு. ஒரு நாளில் எத்தனை தடவை சுளகுக்கும் பாத்திக்கும் நடக்கிறாளோ அத்தனை தடவையும் இந்தக் கழுவல்.

வேறு வருமானம் நிலத்தைத் தாங்குவது புதிதல்ல, குறையும் அல்ல. குஜராத்தில் தேஹ்ரி கிராமத்தில் பதினான்கு ஏக்கர் ‘கல்பவிருட்சம்’ பண்ணையை உருவாக்கிய பாஸ்கர் சாவே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிப் பாப்பம்மாள், பாட்டி நடத்திவந்த மளிகைக்கடையை எடுத்து நடத்தி, அதில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார். பிறகு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு வாழையும் வெண்டையும் பயறும் போட்டு, நூறு வயதைத் தாண்டியும் தினம் தோட்டத்துக்குப் போனார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 செப்டம்பரில் காலமானார். எல்லோரும் அவருடைய வயதைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. கடை அவருடையது, காசு அவருடையது, அந்தக் காசில் வாங்கிய நிலமும் அவருடையது. அதில் என்ன போட வேண்டும், என்ன போடக்கூடாது என்று முடிவெடுக்க அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வீட்டிலும் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். பிஜிஎஸ் குழுவில் பட்டாவுக்குரியவர் பெயர்தான் ஏறுகிறது. கூட்டத்துக்கும் அவரே போகிறார். கரிசலில் எந்த மூலையில் அதலைக் கிழங்கு கிடக்கிறது, செவலில் எந்தப் பாத்தியில் முதலில் வெள்ளை ஈ வரும் என்று தெரிந்தவள் அந்த நேரத்தில் வேனிலோ திண்ணையிலோ இருக்கிறாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற மற்ற நாலு பேரும் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டுப் போகிறார்கள். பட்டா மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுவில் குடும்பத்துக்கு இரண்டு பெயர் எழுதலாம், கூட்டத்தை வேன் திரும்பிய பிறகு சாயங்காலத்தில் வைக்கலாம், தோட்டம் பார்க்க வருகிறவர் அவளோடு ஒரு சுற்று நடக்கலாம். கம்மாய்க்கரையிலும் குளத்தங்கரையிலும் எனக்குத் தெரிந்த குழுக்காரர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ‘செய்யலாம்’ என்கிறார்கள். இனியும் கேட்பேன்.

கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். திருவேங்கடம் பக்கத்து ஊர்களில் வேன் வந்து நிற்கும்போது பாதி இருட்டு. இறங்குகிற பெண்களில் ஒருத்தி நேரே வீட்டுக்குப் போவதில்லை. அடிகுழாயில் கைகால் கழுவி, மத்தியானம் சாப்பிட்டுக் காலியான தூக்குச்சட்டியையும் அலசிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவாள். திரும்பும்போது சட்டியில் பாதிக்கு அதலைக்காய் இருக்கும். காலைவரை வைத்தால் வெடித்துவிடும். வந்ததும் வெங்காயம் உரிக்க உட்காருவாள்.